குப்புற விழுகிறவனின் கதை

அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மல்யுத்தத்தைப் பற்றி நான் படித்த, பார்த்த கதைகளில் பெரும்பாலானவை பசிக் கதைகள். ஒரு பையன் சாப்பிடாமல் இருக்கிறான். வேர்வை வெளியேறுவதற்காகக் கனமான உடுப்பை மாட்டிக்கொண்டு ஓடுகிறான். தண்ணீரைக்கூட அளந்து குடிக்கிறான். கடைசியில் உள்ளாடையோடு தராசில் ஏறி நின்று, முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறான். எதிராளி வருவதற்கு முன்பே பாதிக் கதை முடிந்துவிடும். தராசுதான் வில்லன்.

ஆனால் அதே அணியில் இன்னொரு பையன் இருக்கிறான். பொதுவாக அவன் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் வாயில் ஐஸ் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவன் சாண்ட்விச் சாப்பிடுவான். அவன்தான் ஹெவிவெயிட், கனப்பிரிவு மல்லன். பழைய வரிசைப்படி போட்டியில் கடைசியாக இறங்குவதும், 'நெருக்கடியில் கைகொடுப்பான்' என்று பயிற்றுநர் நம்பி உட்கார்ந்திருப்பதும் அவனைத்தான். விளையாட்டுச் செய்திகள் அவனைக் கொண்டாடுகின்றன. இலக்கியமும் சினிமாவும் அவனைக் கண்டுகொள்வதில்லை, அல்லது தப்பாகப் பார்க்கின்றன. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு. நான் பொறியியல் படித்தவன், எண்ணில்லாமல் எனக்குப் பேச வராது. அங்கே பள்ளிகளுக்கு இடையிலான இருதரப்புப் போட்டியில் 14 எடைப் பிரிவுகள் வரை உண்டு. ஆறு நிமிடம், மூன்று சுற்று. எதிராளியின் இரண்டு தோள்பட்டைகளையும் இரண்டு விநாடி விரிப்பில் அழுத்திப் பிடித்தால் 'பின்', அணிக்கு 6 புள்ளி. 15 புள்ளி முன்னிலை எடுத்து ஆட்டத்தை அப்படியே நிறுத்தினால் 5. எட்டிலிருந்து பதினான்கு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தால் 4. அதைவிடச் சின்ன வெற்றிக்கு 3. இலேசான பையனில் தொடங்கி ஏறிக்கொண்டே போய் ஹெவிவெயிட்டில் முடிப்பதுதான் பழைய வழக்கம். இப்போது எந்த எடையில் தொடங்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். ஆனாலும் 'கடைசியில் பெரியவன் வருவான்' என்பது அந்த விளையாட்டின் மனதில் இன்னும் இருக்கிறது.

அடுத்த எண்ணைக் கவனியுங்கள். 14 பிரிவுகள் கொண்ட இன்றைய பட்டியலில் மிக இலேசான பிரிவு 106 பவுண்ட், அதற்கடுத்தது 113. இடைவெளி மூன்று கிலோ. மேலே போனால் 215, அதற்கு மேல் நேராக 285. இடைவெளி கிட்டத்தட்ட 32 கிலோ. 216 பவுண்ட் பையனும் 285 பவுண்ட் பையனும் ஒரே விரிப்பில் ஒரே பிரிவில் மோதலாம். சின்னப் பையன்களுக்கு மூன்று கிலோ வித்தியாசம்கூட அநியாயம் என்று நினைக்கும் விதி, பெரிய பையன்களிடம் வந்ததும் 'நீங்க பெரிய ஆளுங்கதானே, பாத்துக்குங்க' என்று கையை உதறிவிடுகிறது. ஹெவிவெயிட் என்றாலே ராட்சதன் என்று நினைக்கிறோம். பல நேரம் அந்த விரிப்பில் அவன்தான் சின்னவன். இந்த ஒரு விஷயத்துக்குள்ளேயே ஒரு நாவல் இருக்கிறது. எழுதியவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

எழுதப்பட்டவற்றை எடுத்துக்கொள்வோம். டெர்ரி டேவிஸின் 'விஷன் குவெஸ்ட்' நாவல் 1979இல் வந்தது. ஹரால்ட் பெக்கர் இயக்கிய படம் 1985இல். படத்தில் லௌடன் ஸ்வெய்ன் 190 பவுண்டிலிருந்து 168க்கு இறங்குகிறான், ஷூட் என்ற தோற்காத மல்லனோடு மோத வேண்டும் என்பதற்காக மட்டும். மூக்கில் ரத்தம் வருகிறது, தலை சுற்றுகிறது, கூடவே காதலும் வருகிறது. படத்தின் மிகச் சிறந்த காட்சி விரிப்பில் நடக்கவில்லை. லௌடன் வேலை செய்யும் ஹோட்டலின் சமையல்காரர் எல்மோ, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அவன் ஆட்டத்தைப் பார்க்கக் கிளம்புகிறார். வெறும் ஆறு நிமிடம்தானே என்கிறான் லௌடன். தொலைக்காட்சியில் பெலே கோல் போட்டதைப் பார்த்துத் தான் அழுத கதையை எல்மோ சொல்கிறார். அந்த ஆறு நிமிடம் பார்ப்பவனுக்கு என்ன தருகிறது என்பதை அவ்வளவு எளிமையாகச் சொன்ன காட்சி குறைவு. எனக்கும் தொண்டை அடைத்தது, மறைக்க ஒன்றுமில்லை.

அந்த அணியிலும் ஓட்டோ என்று ஒரு பெரிய பையன் இருக்கிறான். வருகிறான், போகிறான். அவனுக்கு மனம் என்று ஒன்று இருப்பதாகப் படம் நினைக்கவே இல்லை.

டாம் மெக்கார்த்தியின் 'வின் வின்' (2011) இன்னும் நுட்பமான படம். பண நெருக்கடியில் சின்ன அயோக்கியத்தனம் ஒன்றைச் செய்துவிட்ட வழக்கறிஞராக பால் ஜியாமட்டி. அவர் மாலையில் பள்ளி மல்யுத்த அணிக்குப் பயிற்சி தருகிறார். வீட்டைவிட்டு வந்த கைல் என்ற பையன் அணியில் சேருகிறான். அதில் நடித்த அலெக்ஸ் ஷாஃபர் நிஜத்திலேயே நியூ ஜெர்சி மாநிலப் பட்டம் வென்றவன், 119 பவுண்ட் பிரிவில். அவன் உடல் பொய் சொல்லாததால் மல்யுத்தக் காட்சிகளும் பொய் சொல்லவில்லை. ஆனால் அங்கேயும் கதையின் கண் ஒல்லியான உடம்பின் மேல்தான். மார்க் க்ரைட்லரின் 'ஃபோர் டேஸ் டு குளோரி' அயோவா மாநிலத்தில் நான்காவது பட்டத்துக்காகப் போராடும் இரண்டு பள்ளி மாணவர்களைப் பின்தொடரும் நல்ல புத்தகம். இரண்டு பேரும் நடு எடைக்காரர்கள்.

இது தற்செயலா? இல்லை என்று நினைக்கிறேன். எழுதுகிறவர் யார் என்று பாருங்கள். மல்யுத்தமும் எழுத்தும் என்றாலே முதலில் வரும் பெயர் ஜான் இர்விங். எக்ஸிட்டர் பள்ளியில் தொடங்கி 34 வயது வரை மோதினார், 47 வயது வரை பயிற்சி தந்தார். அமெரிக்காவின் தேசிய மல்யுத்தப் புகழ்மண்டபத்திலும் அவர் பெயர் இருக்கிறது. எழுத்துகள் சட்டென்று கண்ணில் பிடிபடாத சிரமம் அவருக்குப் பள்ளியிலேயே இருந்தது. ஒரே பிடியை ஆயிரம் தடவை பழகுவதுபோல ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப எழுதக் கற்றுக்கொண்டது விரிப்பில்தான் என்பது அவர் சுயசரிதைக் குறிப்புகளில் தெரியும். அவர் மோதியது அறுபது கிலோவை ஒட்டிய பிரிவில். ஒல்லியானவன் தன் உடம்பை எழுதினான், அது இலக்கியமானது. பட்டினிக்கு ஒரு வசதி உண்டு: அது உள்ளே நடக்கிறது. ஆசை, கட்டுப்பாடு, குற்றவுணர்வு, பிரார்த்தனை எல்லாமே அதில் இருக்கிறது. எழுத்தாளனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் பசியைக் காவியமாக்கியதற்கு ஒரு விலை உண்டு. 1997 இறுதியில் சில வாரங்களுக்குள் மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்லர்கள் எடை குறைக்கும் முயற்சியில் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு கல்லூரி விதிகள் மாறின. வேர்வை உடுப்புக்கும் வெந்நீராவி அறைக்கும் தடை வந்தது. இன்று 'விஷன் குவெஸ்ட்' பார்க்கிறவன் அந்த மூக்கு ரத்தத்தை அழகாக மட்டும் பார்க்க முடியாது.

சரி, கனமானவன் எங்கே தென்படுகிறான்? பெரும்பாலும் விழும்போது. கிறிஸ் டெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சிகன் மாநிலத்து டௌவாஜியாக் ஊர்ப் பையன். அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக இரண்டு முறை தேசியப் பட்டம் வென்றவர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஃப்ரீஸ்டைல் பிரிவில் வெண்கலம். எடை 180 கிலோவுக்கு மேல். ஆனால் உலகத்துக்கு அவரைத் தெரிந்தது ஒரு புகைப்படத்தால். அதே ஒலிம்பிக்கின் கிரேக்க-ரோமன் பிரிவில் ஜெர்மனியின் வில்ஃப்ரீட் டீட்ரிக் அவரை அப்படியே அணைத்துத் தூக்கிப் பின்பக்கமாக வீசும் படம். மல்யுத்த வரலாற்றின் மிகப் பிரபலமான படங்களில் ஒன்று. டெய்லர் 29 வயதில் இறந்தார். ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்க நின்ற நேரத்தை விட்டுவிட்டு, விழுந்த ஒரு கணத்தை நாம் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம்.

இன்னொரு இடம், கடைசி விநாடி. 2021 டோக்கியோ ஒலிம்பிக் 125 கிலோ இறுதிப் போட்டி. மினசோட்டாவின் ஆப்பிள் வேலி பள்ளியிலிருந்து வந்த கேபிள் ஸ்டீவ்சன், ஜார்ஜியாவின் பெட்ரியாஷ்விலியிடம் 5-8 எனப் பின்தங்கி நிற்கிறார். மீதியிருப்பது சில விநாடிகள். ஒரு தடவை கீழே சாய்த்துப் பின்னால் போகிறார், விடுகிறார், மறுபடியும் சாய்க்கிறார். 10-8, தங்கம். நான்கு ஆண்டு கழித்து, 2025 மார்ச்சில் பிலடெல்ஃபியாவில் நடந்த கல்லூரி இறுதிப் போட்டியில் அதே ஸ்டீவ்சன் 4-2 முன்னிலையில் இருக்கிறார். கன்சாஸின் நியூட்டன் ஊரிலிருந்து வந்த வியட் ஹென்ட்ரிக்சன், கடைசி அரை நிமிடத்துக்குள் அவரைக் கீழே சாய்த்து 5-4 என்று ஜெயித்துவிடுகிறார். இரண்டு காணொளிகளையும் வேலை முடிந்து வந்த இரவுகளில் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அற்புதமானவைதான். ஆனால் அந்தக் காணொளிகள் நமக்குக் கற்றுத்தருவது என்ன? நெருக்கடியில் கைகொடுப்பது என்றால் கடைசி விநாடியில் எதையாவது *செய்வது*. இதை நான் ஏற்கவில்லை.

ஏற்காததற்குக் காரணம் ரூலன் கார்ட்னர். வயோமிங் மாநிலத்து ஆஃப்டன், பால்பண்ணைக் குடும்பம், ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. பள்ளியில் குண்டன் என்று கிண்டல் செய்யப்பட்டவர். அதே ஸ்டார் வேலி பள்ளியில்தான் ஹெவிவெயிட் மல்லனாகி மாநிலப் பட்டம் வென்றார். 2000 சிட்னி ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் எதிரே நின்றவர் அலெக்சாந்தர் கரேலின். மூன்று ஒலிம்பிக் தங்கம், 13 ஆண்டுகளாகச் சர்வதேசத் தோல்வியே இல்லை. தரையில் ஒட்டிக் கிடக்கும் 130 கிலோ மனிதனை இடுப்பில் பிடித்து மூட்டையைப் போலத் தூக்கித் தலைக்கு மேல் எறிவது அவர் கையொப்பம். 1997இல் கார்ட்னரையே அப்படி எறிந்து 5-0 என ஜெயித்திருந்தார்.

சிட்னியில் முடிவு 1-0, கார்ட்னருக்கு. அந்த ஒரு புள்ளி எப்படி வந்தது? நெஞ்சோடு நெஞ்சு அணைத்து நிற்கும் நிலையில் கரேலினின் கைப்பூட்டு விடுபட்டது. விதிப்படி எதிராளிக்குப் புள்ளி. அவ்வளவுதான். கார்ட்னர் யாரையும் தூக்கவில்லை, எறியவில்லை. கரேலின் மேலே கவிழ்ந்து தூக்கப் பார்த்தபோதெல்லாம் அவர் குப்புறக் கிடந்து, தூக்க விடாமல் இருந்தார். ஆட்டம் முடிய ஒருசில விநாடிகள் இருக்கும்போது கரேலின் தானே கையைத் தளர்த்திவிட்டார். அமெரிக்க ஊடகங்கள் இதை அதிசயம் என்றன. பண்ணைப் பையன் கன்றுக்குட்டி தூக்கி வளர்ந்த பலம் என்று கதை சொன்னன. இரண்டுமே அந்த ஒன்பது நிமிடத்தைப் பார்க்காமல் தப்பிக்கும் வழிகள். அங்கே நடந்தது அதிசயமும் இல்லை, வெறும் பலமும் இல்லை. தன் எடை எங்கே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு கணமும் தீர்மானித்துக்கொண்டே இருந்த ஒரு மூளையின் வேலை அது.

தமிழில் 'குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்று சொல்வோம். தோற்றும் ஒத்துக்கொள்ளாதவனைக் கேலி செய்யும் சொல். மல்யுத்தத்தில் இந்தக் கேலி தலைகீழாகிவிடுகிறது. அங்கே மீசையில் மண் ஒட்டலாம், முதுகில்தான் ஒட்டக்கூடாது. குப்புற விழுவது அங்கே தோல்வி இல்லை, ஒரு தேர்வு.

இந்தக் கணக்கைப் பாருங்கள். 13 ஆட்டம் முடிந்து நம் அணி 32-27 என முன்னிலையில் இருக்கிறது. மீதி ஹெவிவெயிட் மட்டும். நம் பையன் 216 பவுண்ட், எதிராளி 285. ஜெயிக்க வழியே இல்லை என்று அரங்கத்தில் எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பின் ஆனால் எதிரணிக்கு ஆறு, 32-33, போச்சு. 15 புள்ளி விட்டுக்கொடுத்தால் 32-32. ஆனால் சாதாரணமாகத் தோற்றால் 32-30, நம் அணி ஜெயிக்கிறது. ஆக அவன் வேலை நன்றாகத் தோற்பது. ஆறு நிமிடம். சும்மா குப்புறப் படுத்துக் கிடக்கவும் முடியாது. ஆட்டத்தைத் தேக்கினால் நடுவர் எச்சரிப்பார், அப்புறம் புள்ளியைத் தூக்கி எதிராளிக்குக் கொடுப்பார். ஆகவே எழ முயன்றுகொண்டே இருக்க வேண்டும், எழ முடியாது என்று தெரிந்தும். எழும்போது முதுகு திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் நடுவர் இன்னொருவன் கையைத்தான் உயர்த்துவார்.

கடைசி விநாடியில் எதிராளியைச் சாய்ப்பவனுக்குக் காணொளி இருக்கிறது. இவனுக்கு எதுவும் இல்லை. நான் படிக்க விரும்பும் நாயகன் இவன்தான்.

எங்கள் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுத்தல் வந்தால் சிவப்பு இல்லத்தின் கடைசி ஆள் நான்தான். கயிற்றை இடுப்பில் சுற்றிவிட்டு, "நீ ஒண்ணும் செய்ய வேணாம்டா, சும்மா நில்லு" என்பார் சார். அந்தச் 'சும்மா'வில் எவ்வளவு வேலை இருந்தது என்று என் தொடைகளுக்குத்தான் தெரியும். கடைசி ஆளுக்கு எதிரணி தெரியாது. முன்னால் நிற்பவர்களின் முதுகுகள் மட்டும் தெரியும், கயிறு வழியாக ஒரு நடுக்கம் வரும், அதைவைத்துத்தான் எல்லாவற்றையும் ஊகிக்க வேண்டும். மல்யுத்தமும் அதுவும் ஒன்றில்லைதான். ஆனாலும், பெரிய உடம்புக்காரனுக்குள் ஒன்றும் நடப்பதில்லை என்று ஒரு கதை நினைக்கும்போது, அது தப்பு என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

இந்தத் தப்பையே கதையாக்கிய படம் ஒன்று இருக்கிறது: கோயன் சகோதரர்களின் 'பார்ட்டன் ஃபிங்க்' (1991). பள்ளி மல்யுத்தப் படம் இல்லை, ஆனால் மல்யுத்தத்தை எழுதுவதைப் பற்றிய படம். 1941. சாமானிய மனிதனுக்காக நாடகம் எழுதுவதாகப் பெருமைப்படும் நியூயார்க் எழுத்தாளன் பார்ட்டனை ஹாலிவுட்டுக்கு வரவழைத்து, வாலஸ் பீரி நடிக்க ஒரு மல்யுத்தப் படம் எழுதச் சொல்கிறார்கள். ஒரு வரிக்கு மேல் நகரவில்லை. பக்கத்து அறையில் இருப்பவர் சார்லி, ஜான் குட்மன் நடித்த பெரிய உடம்புக்காரர். உனக்கு எவ்வளவோ கதை சொல்வேன் என்று அவர் மறுபடியும் மறுபடியும் வாயைத் திறக்கிறார். ஒவ்வொரு தடவையும் சாமானிய மனிதனைப் பற்றிய தன் பிரசங்கத்தால் பார்ட்டன் குறுக்கிடுகிறான். சார்லி அவனைத் தரையில் மண்டியிட வைத்துப் பிடி ஒன்றைச் செய்தே காட்டுகிறார், ஒரே நொடியில் புரட்டி அழுத்திவிடுகிறார். எழுத வேண்டிய விஷயம் அவன் முதுகின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அப்போதும் அவனுக்குக் கேட்கவில்லை.

கடைசியில் அவன் எழுதி முடிப்பது தன் ஆன்மாவோடு மல்லுக்கட்டும் ஒருவனின் கதை. ஸ்டூடியோ முதலாளி கத்துகிறார், அவருக்கு வேண்டியது சண்டை. முதலாளியைப் பார்த்து நாம் சிரிக்கிறோம், எழுத்தாளன் பக்கம் சாய்கிறோம். என்னால் சாய முடியவில்லை. ஒருவருக்குப் பெரியவனின் உடம்பு மட்டும் வேண்டும். இன்னொருவருக்கு அந்த உடம்பை ஓட்டிவிட்டு, அந்த இடத்தில் தன் ஆன்மாவை உட்கார வைக்க வேண்டும். சார்லியை யாரும் கேட்கவில்லை. சார்லி உண்மையில் யார் என்பது படத்தின் பின்பாதியில் வரும் பயங்கரம், அதைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன். ஆனால் எரியும் தாழ்வாரத்தில் நின்று அவர் பார்ட்டன் மேல் வைக்கும் குற்றச்சாட்டு கொலையைப் பற்றியதோ மல்யுத்தத்தைப் பற்றியதோ அல்ல. நீ காது கொடுக்கவே இல்லை என்பதுதான்.

நம்மில் கதை எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். 'ஒடுக்கப்பட்ட உடல்', 'பசி', 'மெலிவு' என்று எழுத நமக்குச் சொற்கள் தயாராக இருக்கின்றன. தாங்குகிறவனை எழுத அவ்வளவு சொற்கள் இல்லை. கட்டடத்தில் தூணைப் பற்றிப் பொறியாளன் கேட்கும் முதல் கேள்வி 'இது என்ன செய்கிறது?' இல்லை, 'இதன் மேல் என்ன இருக்கிறது?' ஹெவிவெயிட் பையனிடமும் அதைத்தான் கேட்க வேண்டும். 13 ஆட்டம் ஓடும்போது பெஞ்சில் அவன் என்ன பார்த்தான்? புள்ளிப் பலகை ஒவ்வொரு தடவை மாறும்போதும் அவன் மேல் எவ்வளவு ஏறியது? மற்றவர்கள் எடைக்காகப் பட்டினி கிடந்த நாள்களில் அவன் சாண்ட்விச்சை எந்த மூலையில் திரும்பி நின்று சாப்பிட்டான்? 32-30 என்று முடிந்த பிறகு நண்பர்கள் அவனைத் தூக்கிக் கொண்டாட ஓடிவந்தபோது, தூக்க முடியாமல் சிரித்தார்களா? அவனும் சேர்ந்து சிரித்தானா?

அன்றைய ஆட்டப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே தோல்வி என்றுதான் எழுதியிருக்கும்.